உடன்பிறந்தார் கொலை: கோப்பும் கணக்கும்

குடும்பத்துக்குள் நடக்கும் கொலைகளைப் பற்றிய ஆய்வுகளில் உடன்பிறந்தார் கொலைக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. மனைவியைக் கொன்ற கணவன், பிள்ளையைக் கொன்ற தாய், பெற்றோரைக் கொன்ற மகன் ஆகியோரைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. அண்ணனைத் தம்பி கொன்றதைப் பற்றித் தேடினால் பத்துப் பதினைந்து கட்டுரைகளும் சில நூல்களின் ஓர் அத்தியாயமும் அகப்படும். எண்ணிக்கை குறைவு என்பது இதற்கு முதல் காரணம். அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 1994ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டின் மிகப் பெரிய 75 கவுன்ட்டிகளில் 1988ல் முடிவுக்கு வந்த கொலை வழக்குகளை அது அலசியிருந்தது. கொலையுண்டவர்களில் 16 சதவீதம் பேர் குடும்பத்தினர் கையால் இறந்தவர்கள். உடன்பிறந்தவர் கையால் இறந்தவர்கள் 1.5 சதவீதம். அதாவது குடும்பக் கொலைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று. ஒரு நகரத்தில் ஓர் ஆண்டில் கிடைக்கும் வழக்குகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அதை வைத்து விகிதம் பேசுவது ஆபத்து. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இதுதான்.

தொடக்கக் காலத்தில் இந்தக் கொலைகளுக்குத் தனிப் பெயர்கூடத் தரப்படவில்லை. மார்வின் வுல்ஃப்கேங் 1958ல் வெளியிட்ட ஃபிலடெல்ஃபியா ஆய்வுதான் நவீனக் கொலை ஆய்வின் அடித்தளம். 1948 முதல் 1952 வரை அந்நகரில் கொல்லப்பட்ட 588 பேரின் காவல்துறைக் கோப்புகளை அவர் படித்தார். கொன்றவருக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர் அவர். ஆனால் அவருக்குப் பின்வந்த பலர் "உறவினர்" என்று ஒரே மூட்டையாகக் கட்டி, கணவன், மைத்துனன், மாமனார், தம்பி எல்லோரையும் அதற்குள் போட்டுவிட்டார்கள். "கொலைகளில் கால்வாசி குடும்பத்துக்குள்ளேயே நடக்கிறது, ஆகவே வீடுதான் மிக ஆபத்தான இடம்" என்ற வாசகம் பாடநூல்களில் வலம்வந்தது இப்படித்தான்.

அந்த மூட்டையை அவிழ்த்தவர்கள் குற்றவியல் படித்தவர்கள் அல்லர். கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் டேலியும் மார்கோ வில்சனும் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள். பாலைவனத்துக் கொறிவிலங்குகளைப் பற்றி எழுதியவர்கள். டபிள்யூ. டி. ஹாமில்டன் 1964ல் முன்வைத்த கோட்பாடு அவர்கள் கையில் இருந்தது. ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர்கள் மரபணுவில் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள், ஆகவே இயற்கைத் தேர்வு அவர்களுக்கிடையே விட்டுக்கொடுத்தலை வளர்த்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்படியானால் மனிதர்களின் மிகக் கடுமையான மோதலான கொலையில் இரத்த உறவினர் குறைவாகத் தென்பட வேண்டும். இதைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது டெட்ராய்ட் நகரத்தின் 1972ஆம் ஆண்டுக் கொலைகள்.

தீர்வு காணப்பட்ட வழக்குகள் 508. கொலையாளிக்கு "உறவு" என்று பதிவானவர்கள் 127 பேர். பழைய வாசகத்தின் கால்வாசி அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த 127 பேரில் 80 பேர் கணவன் அல்லது மனைவி. இரத்த உறவினர் 32 பேர் மட்டுமே. மொத்தத்தில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், மற்ற சொந்தங்கள் எல்லோரும் அந்த 32க்குள் அடக்கம். மீதியெல்லாம் திருமணத்தால் வந்த சொந்தம்.

இதோடு நின்றிருந்தால் ஒரு மறுப்பு எளிதில் வந்திருக்கும்: மனைவியோடு தினமும் இருக்கிறான், தம்பியோடு அவ்வளவு இல்லை, அதனால்தானே? அதற்காக அவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்குள் நடந்த 98 கொலைகளை மட்டும் பிரித்தெடுத்தார்கள். டெட்ராய்டின் சராசரி வயதுவந்தவர் ஒருவர் மூன்று பேரோடு வசித்தார் என்று குடும்ப அமைப்புக் கணக்கிலிருந்து தெரிந்தது. அந்த மூன்றில் துணைவர் 0.6, பிள்ளைகள் 0.9, பெற்றோர் 0.4, மற்ற உறவினர் 1.0, உறவில்லாதவர் 0.1. கூடவே இருப்பதுதான் காரணமென்றால் 98 கொலைகளும் இதே விகிதத்தில் பிரிய வேண்டும். "மற்ற உறவினர்" என்ற கட்டத்தில் 33 பேர் இருக்க வேண்டும். இருந்தது 5 பேர். துணைவர் கட்டத்தில் 20 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 65 பேர். மொத்தமாகப் பார்த்தால், ஒரே வீட்டில் வாழும் இரத்த உறவினரைவிட இரத்த உறவில்லாதவர் கொல்லப்படும் வாய்ப்பு 11 மடங்கு அதிகம். இந்தக் கணக்கை 1982ல் கட்டுரையாகவும் 1988ல் "ஹோமிசைட்" என்ற நூலிலும் அவர்கள் வெளியிட்டார்கள்.

வகுக்கும் எண் இல்லாமல் கொலை எண்ணிக்கையைப் பேசக்கூடாது என்ற பழக்கம் இந்தத் துறையில் அதிலிருந்துதான் ஊன்றியது. எத்தனை அண்ணன்கள் கொல்லப்பட்டார்கள் என்பதோடு, கொல்லப்படக்கூடிய தொலைவில் எத்தனை அண்ணன்கள் இருந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். பின்னது கிடைப்பதுதான் கடினம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டில் யார் யார் என்று சொல்லும். அடுத்த தெருவில் வசித்துக்கொண்டு தினமும் காலையில் வந்து காப்பி குடித்துவிட்டுப் போகும் தம்பியைச் சொல்லாது. டெட்ராய்ட் அட்டவணையின் பலவீனமும் இங்கேதான். "மற்ற உறவினர்" கட்டத்தில் உடன்பிறந்தாரோடு பாட்டியும் மாமாவும் சேர்ந்தே இருக்கிறார்கள். அந்த 5ஐ உடன்பிறந்தார் கணக்காக மேற்கோள் காட்டுவது சரியில்லை.

எண்ணிக்கை சிறிது என்பதால் பல ஆண்டுகளை, பல ஊர்களைச் சேர்த்துத்தான் ஆய்வு நடக்கிறது. அமெரிக்காவில் இதற்கு உதவியது எஃப்.பி.ஐ. தொகுத்த துணைக் கொலை அறிக்கை. காவல் நிலையங்கள் மாதந்தோறும் ஒரு படிவத்தில் ஒவ்வொரு கொலைக்கும் ஒரு வரி எழுதி அனுப்பும்: இறந்தவரின் வயது, பால், இனம், கொன்றவரின் வயது, பால், இனம், ஆயுதம், உறவு, சூழல். 1976 முதல் ஒரே வடிவில் கிடைப்பதால் ஆய்வாளர்கள் அங்கிருந்தே தொடங்குவார்கள். 1999ல் அண்டர்வுட், பேட்ச் இருவரும் 1993–95க்கான வரிகளை எடுத்து இக்கொலைகளின் பொதுவான தோற்றத்தை விவரித்தார்கள். பெக், ஹைட் இருவரும் 1976 முதல் 2007 வரையிலான 32 ஆண்டு வரிகளைச் சேர்த்து, சிறார் செய்த உடன்பிறந்தார் கொலைகளை மட்டும் ஆராய்ந்தார்கள். கனடாவில் 1961லிருந்து புள்ளியியல் துறையே நடத்தும் கொலைக் கணக்கெடுப்பு இருக்கிறது. சிகாகோ நகரத்துக்கு 1965 தொடங்கி காவல்துறைக் குறிப்புகளிலிருந்து கட்டிய தனித் தொகுப்பு உண்டு.

அந்த ஒற்றை வரியை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பது அனுபவத்தில்தான் பிடிபடும். உறவுக்கான கட்டத்தில் "சகோதரன்" என்ற ஒரே குறியீடுதான். தாயும் தந்தையும் ஒன்றா, தாய் மட்டும் ஒன்றா, மாற்றாந்தாய் பிள்ளையா என்று பிரிக்க வழியில்லை. ஹாமில்டனின் கோட்பாட்டைச் சோதிக்க வருகிறவருக்கு வேண்டியதோ அந்த வேறுபாடுதான். பழைய முறைக்குப் பதிலாக 2021ல் எஃப்.பி.ஐ. முதன்மையாக்கிய சம்பவ வாரிப் பதிவில் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை வழிப் பிள்ளைகளுக்குத் தனிக் குறியீடு இருக்கிறது. பாதி உடன்பிறந்தாருக்கு அதிலும் இல்லை. ஒரே சம்பவத்தில் இருவர் இறந்தால் முதலில் எழுதப்பட்டவரின் உறவுதான் பழைய படிவத்தில் பதிவாகும். மனைவியையும் தலையிட வந்த தம்பியையும் சுட்டவனின் கோப்பில் தம்பி காணாமல் போய்விடுவான்.

சூழல் கட்டம் இதைவிட வழுக்கும். பணம் அல்லது சொத்துத் தகராறுக்கு ஒரு குறியீடு, மதுபோதையில் நடந்த சண்டைக்கு ஒன்று, "மற்றத் தகராறு" என்று ஒன்று. மாதிரிக்கு ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை, தாயின் வீடு. நாற்பது வயது அண்ணன், முப்பத்தாறு வயது தம்பி. இருவரும் மதியத்திலிருந்து குடித்திருக்கிறார்கள். தொலைக்காட்சி ரிமோட்டுக்குத் தொடங்கிய வாய்ச்சண்டை, சமையலறைக் கத்தியில் முடிந்தது. இதைப் பதிவுசெய்யும் காவலர் போதைச் சண்டை என்று எழுதலாம், மற்றத் தகராறு என்றும் எழுதலாம். தாயின் வாக்குமூலத்தின் மூன்றாம் பக்கத்தில்தான் விஷயம் வரும்: வீட்டை யார் பெயருக்கு எழுதுவது என்று ஆறு மாதமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, அன்று காலைதான் முடிவு சொன்னாள். சொத்துத் தகராறு என்ற குறியீட்டை யாரும் போடப்போவதில்லை. இதனால்தான் இரண்டு பேர் தனித்தனியாக ஒரே கோப்பைப் படித்துக் குறியிடுவதும், இருவரின் குறிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிடுவதும் விதியாக இருக்கிறது. வயது, ஆயுதம், இடம் ஆகியவற்றில் ஒத்துப்போகும். காரணத்தில் ஒத்துப்போகாது. காரணங்களைச் சதவீதமாக அடுக்கும் அட்டவணைகளை இந்த வேலையில் ஊறியவர்கள் சற்றுத் தள்ளிவைத்தே பார்ப்பார்கள்.

வுல்ஃப்கேங்கின் 588 வழக்குகளில் மிகப் பெரிய வகை "அற்பக் காரணத்தில் எழுந்த வாக்குவாதம்", 37 சதவீதம். டேலியும் வில்சனும் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. ஆண்கள் பிறர் முன்னிலையில் தங்கள் மதிப்பைக் காத்துக்கொள்ளும் மோதல் அது, வெளியே தெரியும் காரணம்தான் அற்பம் என்றார்கள். உடன்பிறந்தார் கோப்புகளில் இது இன்னும் பொருந்தும். அன்றைய சண்டையின் பொருள் ஒரு தட்டுச் சோறாக இருக்கலாம். பின்னணியில் சின்ன வயதிலிருந்து வந்த வரவுசெலவு கிடக்கும்: யாரைப் படிக்க வைத்தார்கள், யார் சம்பாத்தியத்தில் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, அப்பாவின் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள். காவல் நிலையப் படிவத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

குறைகளைக் கழித்த பிறகும் நிற்கும் சில முடிவுகள் உண்டு. கொல்பவர் பெரும்பாலும் ஆண், இறப்பவரும் பெரும்பாலும் ஆண். சகோதரி சகோதரியைக் கொல்வது மிக அரிது. கொல்பவரும் இறப்பவரும் பெரும்பாலும் வயதுவந்தவர்கள். பொதுமக்கள் மனத்தில் இருக்கும் காட்சி வேறு: பொறாமையில் கைக்குழந்தைத் தம்பியைக் கொல்லும் சிறுவன். அத்தகைய வழக்குகள் உண்டு என்றாலும் கோப்புகளின் பெரும்பகுதி முப்பது, நாற்பது வயதுக்காரர்களுடையது. சிறுவயதில்தான் உடன்பிறந்தார் அடிதடி உச்சத்தில் இருக்கிறது என்பதை ஸ்ட்ராஸ், கெல்லஸ், ஸ்டைன்மெட்ஸ் மூவரும் 2,143 அமெரிக்கக் குடும்பங்களில் எடுத்த கணக்கு 1980லேயே காட்டியது. வீட்டு வன்முறை வகைகளிலேயே அதிகம் நடப்பது அதுதான் என்றார்கள். அடிதடி குறைந்துபோன வயதில்தான் கொலை நடக்கிறது. கையில் ஆயுதமும் உடம்பில் போதையும் முன்னால் பிரிக்க வேண்டிய சொத்தும் சேர்வது அந்த வயதில்தான்.

சிறார் வழக்குகளில் துப்பாக்கியைத் தனியாகப் பேச வேண்டும். அமெரிக்கப் படிவத்தில் "குழந்தைகள் துப்பாக்கியோடு விளையாடியபோது" என்று ஒரு சூழல் குறியீடே இருக்கிறது. அது கவனக்குறைவான மரணம் என்ற பிரிவில் வரும். பதின்மூன்று வயதுப் பையன் அப்பாவின் துப்பாக்கியால் தம்பியைச் சுட்டால், அது விளையாட்டா கோபமா என்று தீர்மானிப்பது முதலில் அங்கே போய்ச் சேரும் காவலர். அவர் போடும் குறியைப் பொறுத்து அந்தச் சாவு ஆய்வுக்குள் வரும் அல்லது வெளியே போகும்.

மனநோய் இன்னொரு கிளை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பூர்ஷே, கான்யே என்ற இரு மனநல மருத்துவர்கள் மரண விசாரணை அதிகாரியின் கோப்புகளிலிருந்து பத்து வழக்குகளை எடுத்து 2006ல் எழுதினார்கள். பத்து என்பது சிறிய எண்தான். ஆனால் ஒவ்வொன்றின் மருத்துவப் பின்னணியும் பக்கம் பக்கமாக இருந்தது. ஆயிரம் ஒற்றை வரிகள் சொல்லாததை அது சொல்லும். பெற்றோர் போன பிறகு, சிகிச்சை நின்றுபோன சகோதரனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உடன்பிறந்தவர் தலையில் விழுகிறது. பராமரிப்பவரே எதிரியாகத் தோன்றும் நிலை அங்கே வருகிறது.

டெட்ராய்ட் போன்ற தொழில் நகரத்தின் கணக்கு உழவு நிலத்துக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை தேடியபோது ஆய்வாளர்கள் இந்தியாவுக்கு வந்தார்கள். வெரியர் எல்வின் பஸ்தரில் காட்டெருமைக் கொம்பு மரியா பழங்குடியினரிடையே நடந்த 100 கொலைகளைப் பற்றி 1943ல் ஒரு நூல் எழுதியிருந்தார். குடி, சொத்து, மனைவி மேல் சந்தேகம், குடும்பச் சண்டை, சூனியம் என்று காரணங்களை அவர் வகைப்படுத்தியிருக்கிறார். இப்படிப்பட்ட உழவுச் சமூகங்களில் அண்ணன் தம்பி கொலையின் பங்கு அமெரிக்க நகரங்களைவிடத் தெளிவாக அதிகம். தந்தைவழிச் சொத்து மகன்களுக்குள் பிரியும் இடத்தில், ஒருவனுக்கு மிக அருகில் இருக்கும் துணையும் சகோதரனே, மிக அருகில் இருக்கும் போட்டியாளனும் அவனே. பிழைப்பு சம்பளத்திலிருந்து வருகிறவர்கள் சண்டை போட்டால் பேச்சை நிறுத்திக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாம். ஒரே கிணறு, ஒரே வாய்க்கால், ஒரே வரப்பு என்று இருப்பவர்களால் போக முடியாது.

இது போன்ற தரவுகளில் டேலியும் வில்சனும் கேட்ட இன்னொரு கேள்வி, இந்தத் துறையிலேயே மிகக் கூர்மையானது எனலாம். கொன்றவனுக்கும் இறந்தவனுக்கும் உள்ள உறவை மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? சேர்ந்து கொன்றவர்களுக்குள் என்ன உறவு? மியாமியிலும், இந்தியப் பழங்குடிகளிலும், ஜேம்ஸ் கிவன் ஆராய்ந்த 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நீதிமன்றச் சுருள்களிலும் ஒரே விடை வந்தது: கூட்டாகக் கொன்றவர்களுக்கிடையே இருக்கும் இரத்த நெருக்கம், கொன்றவனுக்கும் இறந்தவனுக்கும் இடையே இருப்பதைவிட அதிகம். தமிழ்நாட்டின் எந்த அமர்வு நீதிமன்றத்திலும் வழக்குப் பட்டியலைப் புரட்டினால் ஏ1, ஏ2 என்று குறிக்கப்படும் முதலிரு குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் அண்ணன் தம்பியாக இருக்கும் வழக்கு கண்ணில் படும். ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட வழக்கைத் தேடத்தான் நேரமாகும்.

அண்ணன் தங்கையைக் கொல்லும் வழக்குகளை இதே கூடையில் போடலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. உறவுக் குறியீட்டின்படி அதுவும் உடன்பிறந்தார் கொலைதான். ஆனால் பாகிஸ்தானில் 2016 ஜூலையில் சமூக ஊடகப் பிரபலம் கந்தீல் பலோச்சை அவருடைய சகோதரன் கொன்றபோது, காரணம் என்று சொன்னது குடும்ப மானம். அங்கே கத்தியை எடுத்தவன் ஒருவன், முடிவெடுத்தவர்கள் பலர் என்ற நிலை சாதாரணம். சாதி மாறித் திருமணம் செய்த பெண்ணைச் சகோதரன் கொல்லும் ஆணவக் கொலைகளும் அப்படித்தான். அவற்றைத் தனியாகப் பிரித்தே கணக்கிட வேண்டும். சேர்த்தால் இரண்டு வகையின் உருவமும் கலங்கிப்போகும். அரசகுலங்களின் சகோதரக் கொலையும் தனிக் கணக்கு. ஒட்டோமான் சுல்தான் மூன்றாம் மெஹ்மத் 1595ல் அரியணை ஏறியதும் 19 சகோதரர்களைக் கொல்லச் செய்தார். 1659ல் தாரா ஷிகோவுக்கு ஔரங்கசீப் மரண தண்டனை விதித்தார். பிரிக்க முடியாத ஒரே சொத்துக்கான போட்டி என்பதற்கு மேல் இவற்றிலிருந்து ஒரு குடியானவன் வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை.

இந்தியக் கோப்புக்குத் தனிப் படிப்பு முறை வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது புகார்தாரர் யார் என்பது. இறந்தவரின் மனைவி புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கை பாகப்பிரிவினையிலிருந்து தொடங்கும். கிணற்று மோட்டார் ஓட்டும் முறை, பட்டா மாற்றம், முந்தைய பஞ்சாயத்து எல்லாம் வரிசையாக வரும். தாய் கொடுத்தால் "இருவரும் குடித்துவிட்டுச் சண்டை போட்டார்கள்" என்று நான்கு வரியில் முடியும். அவளுக்குப் போன பிள்ளை போனது. இருக்கிற பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும். விசாரணையில் அவளே பிறழ்சாட்சியாவதும் நடக்கும். இரண்டாவது, எந்தப் பிரிவில் வழக்கு முடிந்தது என்பது. திடீர்ச் சண்டையில், முன்திட்டமில்லாமல், கொடூரமாக நடந்துகொள்ளாமல் நிகழ்ந்த சாவைக் கொலையாகாத மரணமாகக் கருத இந்திய தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் நான்காம் விதிவிலக்கு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. அண்ணன் தம்பி வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிக்கும் கயிறு அது. கொலை என்று தீர்ப்பான வழக்குகளை மட்டும் எண்ணுகிறவர் பலவற்றை விட்டுவிடுவார். மூன்றாவது, சொத்து வழக்கு தனியாக நடந்ததா என்பது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது. குற்ற வழக்கில் சொல்லப்படாத காரணம் இந்த உரிமையியல் வழக்கின் ஆவணங்களில் தேதியோடு கிடைக்கும்.

இவ்வளவும் ஒவ்வொரு தீர்ப்பாகத் தேடிப் படிப்பவருக்குத்தான் கிடைக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தொகுப்பில் கொலைக்கு நோக்கம் தரப்படுகிறது: சொத்து, நிலத் தகராறு, குடும்பத் தகராறு, சில்லறைச் சச்சரவு என்று. இறந்தவருக்குக் கொன்றவர் என்ன முறை என்பது தரப்படுவதில்லை. பாலியல் வல்லுறவு வழக்குகளுக்குக் குற்றவாளியின் உறவைக் காட்டும் அட்டவணையை அதே காப்பகம் அதே தொகுப்பில் வெளியிடுகிறது. தகவல் எஃப்.ஐ.ஆரிலேயே இருக்கிறது. கொலை வழக்குகளுக்கும் அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்து, அதில் உடன்பிறந்தார், மாற்றுப் பெற்றோர் வழி உடன்பிறந்தார், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என்ற மூன்றையும் தனித்தனியாகக் காப்பகம் பதிய வேண்டும்.